வெங்காயம் மாதிரித்தான் கிடக்கு, ஆனா வெங்காயமில்ல

கேள்வி: கல்லாத்துல எங்கட வளவைத் துப்புரவாக்கக்குள்ள மண்ணுக்குள்ள இருந்து கைமுட்டி அளவுல வெள்ளை வெங்காயம் ஒண்டு வந்திச்சு. காட்டு வெங்காயம் எண்டு அம்மா சொன்னா. பூச்சாடியில வெச்சன், மாரிக்கு நல்லா இலை விட்டிச்சு, இப்ப சித்திரை வெயிலோட எல்லாம் மஞ்சளாகிக் காஞ்சு போச்சு. நாளைக்கு ரெண்டு தரம் தண்ணி ஊத்தியும் சரிவரல்ல. செத்துப்போச்சா? கிழங்கைக் கறிக்குப் போடலாமா?

பதில்: தங்கச்சி, கறிக் கதைக்கு முதல்ல வாறன். போடாதீங்க, சும்மா ருசி பார்க்கவும் வேணாம். நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது நரிவெங்காயம். அதுக்குள்ள இருக்கிற நஞ்சு நேரா இதயத்துல வேலை செய்யும், வாந்தி வயித்தோட்டத்தோட தொடங்கி நாடித்துடிப்பையே குழப்பிடும். இதுட ஒண்டுவிட்ட சொந்தம் ஒண்டு மத்தியதரைக்கடல் பக்கம் இருக்கு, அதை எலிமருந்தாவே பாவிச்சிருக்காங்க, ஏனெண்டா எலிக்கு வாந்தி எடுக்க ஏலாது பாருங்க. சித்த வைத்தியத்துல நரிவெங்காயம் இருக்குத்தானே எண்டு கேப்பீங்க, இருக்கு, ஆனா அது நஞ்சை முறிச்சுச் சுத்தி செய்யத் தெரிஞ்ச வைத்தியர்ர வேலை, நம்மட குசினி வேலையில்ல. ஆரும் தவறித் திண்டா வாந்தி வரட்டும் எண்டு பார்த்திட்டு இருக்காம கிழங்கையும் ஒரு சொப்பின் பையில போட்டு எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

சந்தேகமெண்டா இலையைக் கசக்கி மணந்து பாருங்க, வெங்காய மணம் வரல்லையெண்டா அது வெங்காயமில்ல. வெங்காயம் உரிச்ச கையால மணந்து ஏமாறவும் வேணாம். அதோட வெங்காயத் தாள் குழல் மாதிரி உள்ளுக்கு வெறுமையா இருக்கும், நரிவெங்காய இலை தட்டையா வார் மாதிரி நீண்டு கிடக்கும். கையுறை போடுங்க. நான் ஒருக்கா வெறுங்கையால கிழங்கை ரெண்டா வெட்டிப் பார்த்திட்டு ராமுழுக்கச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தன், அந்தச் சாறுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரிப் பளிங்கு இருக்கு, அதான் கடி.

இனி உங்கட சாடி. அது சாகல்ல, படுத்துக் கிடக்கு. வெயிலுக்கு இலையைக் கொட்டிப்போட்டு மண்ணுக்குள்ள தூங்குறதுதான் அதுட வழக்கம், நீங்க ஊத்துற தண்ணிதான் அதைக் கொல்லும். இண்டையோட நிப்பாட்டுங்க. கிழங்கை மெதுவா அமத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா சுகம், பிசுபிசுத்தா அழுகல். ஒரு இலையும் இல்லாம மொட்டையா ஒரு பூத்தண்டு கிளம்பி வந்தாலும் வரும், பயப்படாதீங்க, பூத்து முடியத்தான் இலை வரும். மண்ணுக்கு ஒரு பெரிய பாடுமில்ல, நம்மட எழுவான்கரை, அதான் கடற்கரைப் பக்கத்து மணலே போதும், சாடிக்கு அடியில ஓட்டை இருந்தாச் சரி. ஆடு மாடு, சின்னப் பிள்ளைகள் எட்டாத இடத்துல வைங்க.

கேள்வி: அக்கரைப்பற்றில இருந்து எழுதுறன். குசினியில முளைச்ச சின்ன வெங்காயத்தை உரப்பையில நட்டன், பத்து நாள்ல அழுகிப் போகுது. என்ன பிழை?

பதில்: தம்பி, நீங்க ஆழமாப் புதைச்சிருப்பீங்க. நுனி வெளியில தெரியணும், அவ்வளவுதான். மணலும் மக்கின மாட்டெருவும் பாதிக்குப் பாதி கலந்து, பையில நாலஞ்சு ஓட்டை போட்டு, நாலு விரல் இடைவெளி விட்டு நடுங்க, பச்சைச் சாணியைப் போட்டா திரும்பவும் அழுகும். மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பார்த்து காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. ஒரு மாசத்துல சம்பலுக்குத் தாள் வெட்டலாம். கிழங்கு வேணுமெண்டா தாளில கைவைக்காம ரெண்டு ரெண்டரை மாசம் விடுங்க, தாள் தானாச் சாயக்குள்ள தண்ணியை நிப்பாட்டிப் பிடுங்கி நிழல்ல காயப்போடுங்க. ஐப்பசி மழை தொடங்கினா பையைத் தாழ்வாரத்துக்கு இழுத்திடுங்க. மேல எழுதின தங்கச்சிர நரிவெங்காயம் மாதிரி ஒண்டு உங்கட வளவுலயும் இருந்தா அதுக்குக் கிட்ட மட்டும் வைக்காதீங்க, தாள் பிடுங்க ஓடி வாற பிள்ளைக்கு ரெண்டும் ஒண்டுதான்.