சண்டைக்கு தாய் சி: வாசகர் கேள்விகள்

கே: பூங்காவில் 24 அசைவு தாய் சி பழகுகிறேன். இதையே தொடர்ந்தால் தற்காப்புக்கு உதவுமா? (கோவை வாசகர்)

ப: அது மட்டும் உதவாது. தாய் சியின் பாணிகளில் ஒன்றான யாங் பாணியிலிருந்து எடுத்து, பொதுமக்களின் உடல்நலத்துக்காக 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை சுருக்கி அமைத்த வரிசை அது. தாய் சி தோன்றிய இடமாகச் சொல்லப்படும் ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்தில், ஒருவரே செய்யும் தனி வரிசையோடு இருவர் பயிற்சியும் ஆயுதப் பயிற்சியும் சேர்ந்தே இருந்தன. வரிசையை விட்டுவிடாதீர்கள், உடம்பின் நிலை அதில்தான் படியும். கூடவே துய் ஷோ எனும் தள்ளுகைப் பயிற்சிக்கு ஒரு ஜோடி தேடிக்கொள்ளுங்கள்.

கே: துய் ஷோவில் எதிராளி தள்ளினால் பின்னால் சாய்ந்துவிடுகிறேன். கையால் இழுத்தாலும் அவர் உள்ளே வந்துவிடுகிறார். (திருச்சி வாசகர்)

ப: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இடுப்பு வேலை செய்யவில்லை. தள்ளு வரும்போது பாரத்தில் சுமார் 70 சதவீதம் பின்காலுக்குப் போக வேண்டும். தொடையும் இடுப்பும் சேரும் இடம் மடிய வேண்டும். முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். அந்த இடம் மடியாவிட்டால் முதுகுதான் வளையும். சுவருக்கு முதுகு காட்டி, பின்காலில் உட்கார்ந்த நிலையில் இடுப்புக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு நில்லுங்கள். ஜோடி மெல்லத் தள்ளட்டும். தலையோ தோளோ முதலில் சுவரில் பட்டால் சாய்கிறீர்கள்.

இழுப்பதில், அதாவது 'லூ'வில், ஒரு கை அவர் மணிக்கட்டில், மற்ற முன்கை அவர் முழங்கைக்குச் சற்று மேலே. கைகளை அப்படியே வைத்து இடுப்பைத் திருப்புங்கள். அவர் உங்கள் பக்கவாட்டில் குறுக்காகக் கடந்து போவார். நேராக உங்கள் நெஞ்சை நோக்கி இழுத்தால் அவர் தோளால் இடிக்க நீங்களே வழிவிட்டதாகும். உங்கள் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு முஷ்டி அளவு இடம் எப்போதும் இருக்கட்டும். அது போய்விட்டால் திருப்பவே இடமிருக்காது.

கே: வேகமாக வரும் குத்தை மெதுவான அசைவு எப்படித் தடுக்கும்? (மதுரை வாசகர்)

ப: மெதுவாகப் பழகுவது நிலை படிவதற்கு, அடிக்கும்போது வேகம் வேண்டும். சென் பாணியின் இரண்டாவது வரிசையான பாவ் சுயில் பாய்ச்சலும் வேகமும் நிறையவே உண்டு. ஒரே அசைவை எடுத்துப் பழகுங்கள். 24-இல் 21-ஆவதாக வரும் பான் லான் சுய் நல்லது: வலது முன்கையால் குத்தை ஒதுக்கி, இடது காலை முன்வைத்தபடியே இடது உள்ளங்கையால் அந்தக் கையை அடைத்து, வலது முஷ்டியை நேரே விடுவது. கிளவுஸும் மவுத் கார்டும் கட்டாயம். முதலில் சொல்லிவைத்த ஒரு குத்து, பிறகு எந்தக் கை என்று சொல்லாமல், பிறகு இரண்டிரண்டாக.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: குத்திய கையை ஜோடி நீட்டியபடியே வைத்திருக்கிறார். குத்துச்சண்டைக்காரர் போல உடனே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்போது மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தால் கை வெறுமையாகத்தான் திரும்பும். முன்கை பட்டதும், அவர் கை பின்வாங்கும் அதே நொடியில் கால் உள்ளே போயிருக்க வேண்டும்.