பைண்டு பிரிக்கலாமான்னு கேட்டவருக்கு

அன்புள்ள சார்,

எங்க தாய்மாமா போன வருஷம் தவறிட்டார். அவர் சேத்து வச்சிருந்த காமிக்ஸ் எல்லாம் இப்ப எங்கிட்ட இருக்கு. பழைய முத்து காமிக்ஸ், லயன், ராணி காமிக்ஸ்னு லூஸா ஒரு இருநூறு, பைண்டு பண்ணுனது நாப்பது வால்யூம். பழைய காமிக்ஸ் வாங்கற ஒருத்தர் வந்து பாத்தார். லூஸ் காப்பிக்கு நல்ல வெல தர்றேன், பைண்டு பண்ணுனதுக்கு மதிப்பே கெடையாது, வேணும்னா தையலப் பிரிச்சு தனித்தனியா எடுத்துக்குடுங்கன்னு சொல்றார். பிரிக்கலாமா? அட்டை கிழியாம இருக்கணும்னு பன்னெண்டு புக்கோட அட்டைய லேமினேட் பண்ணிட்டேன், சரிதானே? ஒரிஜினல் ஓவியப் பக்கம் எங்கயாச்சும் வாங்க முடியுமா? அமெரிக்காவுல ஒரு காமிக்ஸ் கோடிக்கணக்குல போச்சாமே?

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

மொதல்ல லேமினேஷன். ஏன்யா இப்படி பண்ணீங்க? அந்தப் பேப்பர் நியூஸ்பிரிண்ட், மரக்கூழ்ல இருக்கற லிக்னின் தானாவே அமிலத்த விட்டு மஞ்சளாக்கிட்டே இருக்கும், அதுக்கு மேல சூடு வச்சு பிளாஸ்டிக்க ஒட்டுனா உள்ள இருக்கறது வெளிய போக வழியே இல்லாம மூச்சு முட்டி வேகும், திரும்ப உரிக்கவும் முடியாது, உரிச்சா மையும் சேந்து வரும். பன்னெண்டோட நிறுத்துங்க. செல்லோ டேப்பும் கூடாது. ராமபாணப் பூச்சி வராம இருக்க அந்துருண்டைய நேரா புக்குமேல போடாதீங்க. பீரோவ சுவர ஒட்டி வைக்காதீங்க, மழைக்காலத்துல ஓதம் ஏறும். அவ்வளவுதான் பராமரிப்பு, இதுக்குமேல யாராச்சும் பெருசா சொன்னா அட்டையும் உறையும் விக்கறவரா இருப்பார்.

கோடிக்கணக்குல போனது சூப்பர்மேன் மொதமொதல்ல வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 1938ல 10 சென்ட்டுக்கு வித்தது, 2024ல ஏலத்துல 60 லட்சம் டாலர். அதுல மர்மம் ஒண்ணும் இல்ல. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அங்க பழைய பேப்பர் திரட்டுனாங்க, பசங்க வண்டி வண்டியா காமிக்ஸக் கொண்டுபோய் கொட்டுனாங்க, மிச்சத்த அம்மாமார்கள் கொட்டுனாங்க, தப்பிச்சது கொஞ்சம், அதான் வெல. 2000ல இருந்து இன்னொரு கூத்து வேற, காமிக்ஸுக்கு மார்க் போட்டு கெட்டி பிளாஸ்டிக் பெட்டியில சீல் வச்சு தர்ற கம்பெனி வந்துடுச்சு, அப்புறம் அந்தப் புக்க தொறக்கவே முடியாது, தொறந்தா மார்க் போச்சு. ஊறுகாய் ஜாடிய வாங்கி மூடிய வெல்டிங் வைக்கற மாதிரி. அவங்க காசு, அவங்க இஷ்டம்.

ஒரிஜினல் ஓவியம் கேட்டிருந்தீங்க. நம்ம முத்து காமிக்ஸ்ல வந்த இரும்புக்கை மாயாவி பிரிட்டன்ல வேலியன்ட்ங்கற வாரப் பத்திரிகையில 1962ல தொடங்குன தொடர், வரைஞ்சவர் ஹெசூஸ் பிளாஸ்கோங்கற ஸ்பெயின்காரர். அவர் கையால வரைஞ்ச பக்கம் முத்து காமிக்ஸ் வெளிவர்ற சிவகாசிக்கு ஏன் வரப்போகுது? இங்க கெடச்ச ஒரிஜினல்னு யாராச்சும் நீட்டுனா டீ வாங்கிக்குடுத்து அனுப்பி வைங்க. வரைஞ்சவனுக்கே கெடைக்காத பொருள் அது. ஜாக் கிர்பிங்கற அமெரிக்க ஓவியர் மார்வெல் காமிக்ஸ் கம்பெனிக்கு பத்தாயிரத்துக்கு மேல பக்கம் வரைஞ்சார், வருஷக்கணக்கா சண்ட போட்டு 1987ல திரும்பி வந்தது சுமாரா ரெண்டாயிரம்.

இப்ப பைண்டிங். இதுக்காகத்தான் பதிலே எழுத உக்காந்தேன், ஏன்னா ஒரு மாசமா இதே நெனப்புதான், எங்க அத்தையோட பெட்டிய நானும் இப்பதான் தொறந்து பாத்தேன்.

அந்த யாவாரி சொன்னது அமெரிக்காக்காரன் போட்ட சட்டம். அவனுக்கு பைண்டு பண்ணுன காமிக்ஸ் செத்த காமிக்ஸ். நமக்கு அப்படி இல்லைங்க, நம்மூர்ல பைண்டு பண்றதுதான் சேகரிப்பே. பொன்னியின் செல்வன் கல்கியில 1950 அக்டோபர்ல இருந்து 1954 மே வரைக்கும் வாராவாரம் வந்துச்சு, மணியம் படம் போட்டார், அப்புறம் புஸ்தகமா வந்த எத்தனையோ பதிப்புல அந்தப் படமே இல்ல. அப்ப மணியத்த இத்தன வருஷம் காப்பாத்துனது யாரு? பின்னூசிய நெம்பி எடுத்து, பக்கத்தக் கிழிச்சு, வரிசையா அடுக்கி, நாலணாவோ எட்டணாவோ குடுத்து பைண்டர்கிட்ட தச்சு வாங்குன மாமி, அத்தை, ரிடையர்டு வாத்தியார் இவங்கதான். கூடவே அந்த வாரத்து தலைவலி மாத்திரை விளம்பரம், பின்பக்கத்துல பாதியில நிக்கற சிறுகதை எல்லாம் சேந்து வந்துச்சு. அதுக்கு மதிப்பு இல்லையாம். எவன்யா அவன்.

அதுக்காக பைண்டர்கள நான் தலையில தூக்கி வைக்கல. சின்ன வயசுல விருதுநகர்ல எங்க தெருமுனையில ஒருத்தர் இருந்தார், மைதாவுல மயில்துத்தம் போட்டு காய்ச்சுன பசை வாசன தெரு பூரா அடிக்கும். பத்து வயசுல நான் சேத்து வச்ச பதினாலு மாயாவி புக்க குடுத்தேன். கெட்டியா காலிகோ முதுகு போட்டு அழகாத்தான் தந்தார், ஆனா மூணு பக்கமும் கத்தியில போட்டு வெட்டிட்டார், ஓரம் நேரா இருக்கணும்ல. மாயாவி கரண்ட் ஷாக் அடிச்சா ஒடம்பு மறைஞ்சுடும், இரும்புக் கை மட்டும்தான் தெரியும், தெரியும்ல உங்களுக்கு? ஒரு பக்கத்துல அந்தக் கை கட்டத்தோட வெளி ஓரத்துல ஜன்னல் கம்பிய புடிச்சு தொங்கும். பைண்டர் கத்தி கரெக்டா அந்தக் கைய வெட்டிடுச்சு. இப்ப அந்தக் கட்டத்துல ஒரு சுவர், ஒரு ஜன்னல், ஆளே இல்ல. பறக்கற வசனம் மட்டும் இருக்கு. ராத்திரி பூரா அழுதேன். மறுநாள் போயி சண்டை போட்டா, "கண்ணுக்குத் தெரியாதவன்தானடா, வெட்டுனா என்ன"ன்னார். இன்னிக்கு வரைக்கும் அதுக்கு எனக்கு பதில் சொல்லத் தெரியல.

அதனால சொல்றேன், உங்ககிட்ட லூஸா இருக்கற இருநூற இனிமே பைண்டு பண்ணாதீங்க. ஏற்கனவே பைண்டு ஆனத பிரிக்காதீங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண்தானேன்னு கேப்பீங்க. இல்ல. பிரிச்சா தையல் ஓட்டை இருக்கும், பசை ஒட்டுன அட்டை கிழியும், வெட்டுன ஓரம் வெட்டுனதுதான், அந்த ஆளுக்கு அது நூறு எரநூறு ரூவா சரக்கு. உங்க மாமா எந்தப் புக்குக்கு அடுத்து எந்தப் புக்க வச்சார், எதுக்கு முகப்பு எழுதுனார், எத முன்னாடி போட்டார், எந்த புக்க வேணாம்னு விட்டார், அந்த வரிசை போயிடும், அத ஏலத்துல எடுக்க முடியாது. ஒவ்வொரு வால்யூமும் அவரே எடிட் பண்ணுன ஒரு பத்திரிகைய்யா. வெளிநாட்டுல ரசிகர்களே எழுதி அவங்களே அடிச்சத ஃபேன்சைன்னு சொல்லி இன்னிக்கு தனியா சேக்கறாங்க, 1961ல வந்த ஆல்டர் ஈகோ இதழ எல்லாம் கண்ணாடிக்குள்ள வைக்கறாங்க. நம்ம ஊர்ல கையெழுத்துப் பத்திரிகை தெருவுக்கு ஒண்ணு இருந்துச்சு, ஒண்ணாவது பத்திரமா இருக்கா? சரி, அத விடுங்க, அத ஆரம்பிச்சா இன்னிக்கு முடியாது.

அத்தை பெட்டின்னு சொன்னேன்ல. அதுல பொன்னியின் செல்வன் பைண்டு வால்யூம் இருந்துச்சு, பக்கத்துக்குப் பக்கம் அவங்க வாசன, மஞ்சளும் மூக்குப்பொடியும். ரெண்டாவது வால்யூம் நடுவுல தாள் மாறுது. அச்சுத்தாள் முடிஞ்சு, கோடு போட்ட நோட்டுத் தாள் ஆறு. அந்த வாரம் கல்கி கெடைக்கல போல, யார்கிட்டயோ எரவல் வாங்கி அத்தியாயம் முழுக்க அத்தையே கையால எழுதியிருக்காங்க, பதினேழு வயசுப் பொண்ணு, நீலக் கலர் பேனா, ஒரு அடித்தம் இல்ல. எழுதுனதோட விடல. படம் இருந்த எடத்துல கட்டம் போட்டு, பென்சில்ல மணியத்தப் பாத்து வந்தியத்தேவன வரைஞ்சிருக்காங்க. குதிர கழுத மாதிரி இருக்கு. மீச மட்டும் மணியம் போட்டதவிட ஜாஸ்தி. கீழ ஓரத்துல சின்னதா "சரியாக வரவில்லை"ன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க.

நாப்பது வால்யூமையும் ஒண்ணொண்ணா பொரட்டிப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க. அந்த ஆள அதுவரைக்கும் வீட்டுக்குள்ள விடாதீங்க.