ஒட்டிய ஸ்கேனில் உயரம் குதிப்பது ஏன்?

1:10,000 அளவிலான பழைய வான்படங்களை (விமானத்திலிருந்து எடுத்த படங்களை) ஏ4 ஸ்கேனரில் இரண்டு பாதியாக எடுத்து ஒட்டியதாகவும், ஒரே இடம் இரண்டு படங்களில் தெரியும் இட வித்தியாசத்தை வைத்து மென்பொருள் கணக்கிடும் தரை உயரம் ஒட்டிய கோட்டில் திடீரென்று குதிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மென்பொருள் மேல் பழி போடாதீர்கள், கோளாறு ஒட்டில்தான்.

படம் 23 செ.மீ. சதுரம். ஏ4 கண்ணாடியின் அகலம் 21 செ.மீ. படத்தின் ஓரங்களில் சிலுவை மாதிரியோ புள்ளி மாதிரியோ சின்னக் குறிகள் தெரிகின்றனவா? அவை கேமராச் சட்டத்திலிருந்தே பதிந்தவை. படத்தின் மையத்தையும் ஃபிலிம் சுருங்கிய அளவையும் அவற்றை வைத்தே கணக்கிடுவார்கள். பழைய ஸ்டீரியோ பிளாட்டரில் (இரண்டு வான்படங்களைச் சேர்த்துப் பார்த்து வரைபடம் வரையும் கருவி) ஆபரேட்டர் படம் பதிந்த கண்ணாடித் தகட்டை அந்தக் குறிகளுக்கு நேராகக் கையாலேயே பொருத்துவார். 1957இல் வான்பட அளவியல் நிபுணர் ஹெலாவா கணினியோடு இணைந்த பிளாட்டரை முன்வைத்தார். அதிலும் குறிகளை அளந்தே ஆகவேண்டும். இப்போது கருவியே மென்பொருளாகிவிட்டது, ஆனால் அதுவும் முதலில் தேடுவது அந்தக் குறிகளைத்தான். நீங்கள் ஒட்டியதில் அவற்றின் இடைவெளி அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தரையில் 5 மீட்டர்!

ஏ3 ஸ்கேனர் ஒன்றைப் பிடித்து, முழுப் படத்தையும் ஒரே தடவையில் எடுங்கள். 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி) போதும். ஒரு பிக்சல் சுமார் 21 மைக்ரான், அதாவது தரையில் 21 செ.மீ. கறுப்பு வெள்ளையில் ஒரு படம் 118 எம்பி வரும், பரவாயில்லை. ஆட்டோ கிராப்பை அணைத்துவிடுங்கள், அது முதலில் வெட்டுவதே ஓரத்தைத்தான்.

அப்புறம், உங்களிடம் இருப்பது பிரிண்டா, ஃபிலிமா? ஃபிலிம் என்றால் மூடியிலும் விளக்கு உள்ள ஸ்கேனர் வேண்டும்.