வானில் தெரிவதெல்லாம் செத்த விண்மீன்களா? வாசகர் கேள்விகள்

சூரியன் எப்போது வெடிக்கும்? (பள்ளி மாணவி, தேனி)

வெடிக்காது. சூப்பர்நோவா (விண்மீன் வெடித்துச் சிதறுவது) ஆக வேண்டுமானால் சூரியனைப்போல் எட்டு மடங்கு நிறையாவது வேண்டும். இன்னும் 500 கோடி ஆண்டில் மையத்து ஹைட்ரஜன் தீரும். அப்போது சூரியன் உப்பிச் சிவப்பு ராட்சதன் ஆகும். அப்புறம் மேல் அடுக்குகளை உதறிவிட்டு, பூமி அளவுள்ள வெள்ளைக் குள்ளனாய்ச் சுருங்கும்.

நேற்று ஒரு நட்சத்திரம் சிவப்பாக மின்னியது. சாகப்போகிறதா? (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த ஊர், எத்தனை மணி, எந்தத் திசை? இந்த மூன்றும் இல்லாமல் எழுதாதீர்கள் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரோகிணி சிவப்பு, திருவாதிரை சிவப்பு, கேட்டை சிவப்பு, செவ்வாய்க் கோளும் சிவப்பு. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

பெரிய விண்மீனில் எரிபொருள் அதிகம். பிறகு ஏன் ஆயுள் குறைவு? (சேலம்)

இருப்பை விடச் செலவு பல மடங்கு அதிகம். நிறை பத்து மடங்கானால் ஒளி ஆயிரக்கணக்கான மடங்காகிறது. சூரியனுக்கு மொத்த ஆயுள் 1,000 கோடி ஆண்டு. அதைப்போல் 20 மடங்கு நிறையுள்ளதற்கு ஒரு கோடிதான்.

நாம் பார்க்கும் நட்சத்திரங்கள் எல்லாம் எப்போதோ இறந்துவிட்டனவாமே? ஒரு பேச்சாளர் சொன்னபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. (மதுரை)

தவறு. மேடைக்கு மேடை இதைச் சொல்லிப் பரப்புகிறார்கள். எனக்கு ஆற்றவே முடியவில்லை. ஒரு பள்ளி மொட்டைமாடியில் தொலைநோக்கியை வைத்துவிட்டு நின்றபோது, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அப்போ இதெல்லாம் செத்துப்போனதா சார்?" அன்று காலை விழாவில் யாரோ அப்படிப் பேசியிருக்கிறார். அவன் முகம் வாடியிருந்தது.

கணக்கைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரிபவற்றில் பெரும்பாலானவை ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருக்கின்றன. (ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம், வயது அல்ல.) ஆயுளோ பல லட்சம் முதல் பல நூறு கோடி ஆண்டு வரை. கார்த்திகைக் கூட்டத்தின் ஒளி வந்துசேர 440 ஆண்டு ஆகிறது. அதன் வயது சுமார் 10 கோடி. ஊரிலிருந்து வந்த கடிதம் மூன்று நாள் பழையது என்பதற்காக, எழுதியவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டுவோமா?

முதுமையின் விளிம்பில் இருப்பது திருவாதிரை. அதற்கும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டு பாக்கி என்கிறார்கள். ஒளி வரும் அறுநூறு சொச்சம் ஆண்டுக்குள் அது வெடித்திருக்க நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை. 2019 கடைசியில் அது மங்கியபோதும் "வெடிக்கிறது" என்று செய்தி பறந்தது. அது கக்கிய தூசுதான் மறைத்தது. அந்தப் பையனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: நீங்கள் பார்ப்பவை அநேகமாக எல்லாமே இப்போதும் எரிந்துகொண்டிருக்கின்றன.

சந்திரசேகர் எல்லை 1.4 என்றால், சூரியனைவிட இரண்டு மடங்கு பெரிய விண்மீன் வெடிக்கும்தானே? (கோவை)

இல்லை. ஒரு வெள்ளைக் குள்ளன் தாங்கக்கூடிய உச்ச நிறைதான் சந்திரசேகர் எல்லை: சூரியனைப்போல் 1.4 மடங்கு. அது விண்மீன் பிறந்தபோது இருந்த நிறைக்கானது அல்ல, கடைசியில் மிஞ்சும் மையத்துக்கானது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது 19 வயதுச் சந்திரசேகர் போட்ட கணக்கு இது. நோபல் பரிசு வந்தது 1983இல்.

விண்மீன்கள் பிறக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா? (யாழ்ப்பாணம்)

முடியும். ஜனவரி இரவு ஒன்பது மணிக்கு ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாய் மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றுக்குத் தெற்கே, ஈர விரலால் தேய்த்ததுபோல் மங்கலாய் ஒரு திட்டு. அதுதான் ஓரியன் நெபுலா என்னும் வாயு, தூசு மேகம், 1,350 ஒளியாண்டு தொலைவில். (தூரம்தான், வயது அல்ல.) பைனாகுலர் இருந்தால் நல்லது, அதை ஒருபோதும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும். அதுவரை செல்போனைத் தொடாதீர்கள்.