குளிர்காலத்தில் வான் வண்டிக்குள் தண்ணி சூடாக்கலாமா?

தம்பி, உங்கட கேள்வி இதுதானே: லண்டனில் ஹரோப் பக்கம் வீட்டு யன்னல் துடைக்கிற வேலை, வானில் 350 லீற்றர் தாங்கி, அதில் இருக்கிற சுத்தமாக்கின தண்ணி பம்பாலும் ஹோஸாலும் நீளக் கம்பத்தின் நுனித் தூரிகைக்குப் போகும், இரவில் வானை நிறுத்த வீட்டு வாசலில் இடம் இருக்கு. மார்கழி வர முதல் ஒரு சின்னக் காஸ் ஹீற்றரை வானுக்குள் பூட்டி, ஓடுற தண்ணியைச் சூடாக்கலாமா என்று. காஸ் ஹீற்றர் வேண்டாம். வாசலில் நிறுத்த வசதி இருக்கிற ஆளுக்கு இரவில் கரண்டில் தாங்கியைச் சூடாக்கிறதுதான் மலிவு, சுலபம். ஆனால் அதுக்கும் முதல் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கு, பெரும்பாலான புது ஆட்கள் அதை விட்டுப்போட்டு நேரே ஹீற்றர் தேடப் போகினம்.

யன்னல் பளபளக்கிறதுக்குக் காரணம் சூடு இல்லை, தண்ணியின் சுத்தம். தண்ணியில் கரைஞ்சிருக்கிற உப்புகளை அளக்கிற டிடிஎஸ் மீற்றரில் 000 காட்டுற தண்ணி 5 பாகையிலும் தடம் விடாமல்தான் காயும். லண்டன் குழாய்த் தண்ணி 300 அளவில் நிற்கும், அதைக் கொதிக்கவைத்து ஊத்தினாலும் வெள்ளைப் புள்ளி விழும். சூட்டால் வாற லாபம் வேற: காய்ஞ்சுபோன பறவை எச்சமும் சிலந்தி எச்சமும் கெதியாக இளகும், ஹோஸ் விறைச்சு முறுக்காமல் றீலில் இருந்து லேசாக வரும், உங்கட விரல் மரத்துப்போகாது. மூன்றாவதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதேங்கோ. விறைச்ச கையால் நீளக் கம்பத்தின் கிளாம்பை இறுக்கேக்கை சரியாக இறுகாது, மேல் துண்டு சரிஞ்சு வந்து மண்டையில் விழும்.

முதல் வேலை, உறையாமல் காப்பாத்திறது. 350 லீற்றர் ஒரே இரவில் கட்டியாகாது, அதுக்குள் இருக்கிற சூடு நிறைய. உறையிறது சின்னச் சின்னச் சாமான்கள்: பம்பின் தலை, வடிகட்டிக் கோப்பை, ஹோஸ் இணைப்பு, தூரிகையின் ஜெற். தண்ணி உறையேக்கை 9 வீதம் பருக்கும், பிளாஸ்ரிக் அதைத் தாங்காது. பம்ப் தலை வெடிச்சது காலமை தெரியாது, பம்பைப் போட்டு அழுத்தம் ஏறினபிறகுதான் வானின் தரையெல்லாம் தண்ணி ஓடும். வேலை முடிஞ்ச உடனே தாங்கி வால்வைப் பூட்டி, பம்பை ஓடவிட்டு, கம்பத்தின் நுனியால் தண்ணியை வெளியேத்துங்கோ. பிறகு பம்பை நிப்பாட்டி, வடிகட்டிக் கோப்பையைக் கழற்றி ஊத்துங்கோ. தூரிகையை வீட்டுக்குள் கொண்டுபோங்கோ. குழாய்த் தண்ணியைச் சுத்தமாக்கிற ஆர்ஓ மெம்பிறேனும் (உப்பை வடிக்கிற சவ்வு) மிச்ச உப்பைப் பிடிக்கிற ரெசின் பாத்திரமும் வானுக்குள்ளோ வெளிக் கொட்டிலிலோ இருந்தால் அதுகளையும் உள்ளுக்கு எடுக்கவேணும். ஒருக்கால் உறைஞ்ச மெம்பிறேனைப் பிறகு நம்பேலாது.

அதோட, கிறீன்ஹவுசுக்கு வைக்கிற குழாய் ஹீற்றர் ஒன்று, 80 அல்லது 120 வற், 5 பாகையில் தானாகப் பத்துற தேர்மோஸ்ரற்றோட, பம்புக்குக் கிட்ட சுவரில் பூட்டுங்கோ. விசிறி ஹீற்றரை இரவு முழுக்க வானுக்குள் விடாதேங்கோ. ஒரு துணி சரிஞ்சு விழுந்தால் போதும். இவ்வளவும் செய்தாலே குளிர்காலத் தலையிடியில் பாதி போயிடும்.

இன்னொன்று, பலர் கவனிக்கிறதில்லை. ஆர்ஓவின் வேகம் 25 பாகைத் தண்ணிக்குத்தான் பெட்டியில் எழுதி இருக்கும். தைமாதக் குழாய்த் தண்ணி 5, 8 பாகையில் வாறதால் அதே மெம்பிறேன் பாதி அளவுதான் தரும். ஆடியில் நாலு மணித்தியாலத்தில் நிறைஞ்ச தாங்கி தையில் ஏழு, எட்டு எடுக்கும். மெம்பிறேன் பழுது என்று ஓடிப்போய்ப் புதுசு வாங்காதேங்கோ. கெதியாக்க என்று சுடுதண்ணியை ஆர்ஓவுக்குள் விடவும் கூடாது, பெரும்பாலான மெம்பிறேனுக்கு 45 பாகைதான் எல்லை. சூடாக்கிறது எப்பவும் வடிகட்டின பிறகு.

இப்ப காஸுக்கு வருவம். நீங்கள் பார்த்தது முகாமில் குளிக்கிறதுக்கு வெளியில் கொழுவிற ஹீற்றர். அதுக்குப் புகைபோக்கி இல்லை, எரிஞ்ச வாயு மேல்பக்கத்தால் அப்படியே வெளியேறும். வானுக்குள் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட் சேர்ந்தால் நிறமும் இல்லை மணமும் இல்லை. பின்கதவைத் திறந்துவைக்கிறன் என்கிறது பாதுகாப்பு இல்லை, மழைக்கு ஒருநாள் கதவைச் சாத்துவியள். புரொப்பேன் காற்றை விடப் பாரம், கசிஞ்சால் தரையில் தேங்கும். வானின் தரையில் அதை வெளியேத்திற ஓட்டை இல்லை, ஆனால் பொறி தட்டுற பம்ப் சுவிச்சும் பற்றரி றிலேயும் அங்கேதான் இருக்கு.

ஆபத்தை ஒரு பக்கம் வைச்சாலும், அது இந்த வேலைக்குப் பொருந்தாது. அந்த ஹீற்றர்கள் பத்திறதுக்கு, நிமிசத்துக்கு 2, 2.5 லீற்றர் ஓட்டம் கேட்கும். கம்பத்தில் நீங்கள் விடுறது 1.5 லீற்றர் அளவு. பத்தும், அணையும், பத்தும். ஒவ்வொரு யன்னலுக்கும் தண்ணியை நிப்பாட்டேக்கை உள்ளே நிற்கிற தண்ணி செப்புச் சுருளின் சூட்டில் இன்னும் ஏறி, அடுத்தமுறை திறக்கேக்கை கொதிச்சபடி வரும். சுத்தத் தண்ணி செப்பைத் தின்னும், பித்தளையையும் தின்னும். அந்தச் சுருளில் தண்ணியை விட்டுப்போட்டு ஒரு உறைபனி இரவு போனால் காலமை வெடிப்புத்தான். நீலச் சிலிண்டர் பியூட்டேன் என்றால் பூச்சியத்துக்குக் கீழே வாயுவாகவே வராது. வாகனத்துக்கென்று செய்த, காற்றையும் புகையையும் வெளியாலேயே எடுத்துவிடுற மூடின வகை இருக்கு. அதை எல்பிஜி (சிலிண்டர் காஸ்) வேலைக்குத் தகுதியான, காஸ் சேஃப் என்ற காஸ் வேலைக்காரர் பதிவேட்டில் இருக்கிற ஆள் பூட்டவேணும். அந்தச் செலவுக்கு டீசல் ஹீற்றரே வந்திடும்.

கரண்டுக்கு வாங்கோ. கணக்கு லேசு: 1 லீற்றர் தண்ணியை 1 பாகை ஏத்த 1.163 வற்-மணி. 350 லீற்றரை 8 பாகையில் இருந்து 40க்குக் கொண்டுபோக 13 யூனிற். யூனிற் 25 பென்ஸ் என்றால் ஒரு இரவுக்கு மூன்றேகால் பவுண், மலிவு இரவுக் கட்டணம் இருந்தால் இன்னும் குறையும். 3 கிலோவற் இமேர்ஷன் (தண்ணிக்குள் மூழ்கிற ஹீற்றர்) நாலரை மணித்தியாலத்துக்குள் முடிக்கும். ஆனாலும் நான் 2 கிலோவற்றைத்தான் சொல்லுவன். ஆறரை மணித்தியாலம் எடுக்கும், எக்கொனமி 7 என்ற மலிவு இரவுக் கட்டணத்தின் ஏழு மணித்தியாலத்துக்குள் அடங்கும், பிளக்கில் 13 அம்பியருக்குப் பதில் 9க்கும் குறைவாகத்தான் ஓடும். இரவு முழுக்க 13 அம்பியர் இழுத்தால் வீட்டுப் பிளக் சூடேறி, பியூஸ் இருக்கிற பக்கம் பிளாஸ்ரிக் மண்ணிறமாகும். காலமை பிளக்கைத் தொட்டுப் பாருங்கோ. இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்கேலாமல் இருந்தால் சொக்கற்றையும் சேர்த்து மாத்தவேணும். மலிவு ரைமர் பிளக்கில் 13 அம்பியர் என்று எழுதியிருந்தாலும் மணிக்கணக்காக இழுக்கிற ஹீற்றருக்கு அதை நம்பாதேங்கோ. இமேர்ஷனுக்கென்று விற்கிற ரைமரை எலெக்ரீசியனைக் கொண்டு பூட்டுங்கோ.

ஹீற்றர்க் கம்பி இன்கொலோய் (நிக்கல் கலந்த உலோகம்) அல்லது டைட்டேனியம் உறை போட்டதாக இருக்கவேணும். வீட்டுச் சிலிண்டருக்கு விற்கிற செப்பு உறைக் கம்பி சுத்தத் தண்ணியில் நாள் போகாது. புரி இரண்டேகால் அங்குலம், தாங்கியின் கீழ்ப்பக்கத்தில், இரண்டு பக்கமும் உலோக வளையம் வைத்து இறுக்கவேணும். சும்மா பிளாஸ்ரிக் சுவரில் இறுக்கினால் சூட்டில் இளகி ஒழுகும். தேர்மோஸ்ரற் ஒன்று போதாது. அது ஒட்டிப்போனால் தண்ணி கொதிக்கும், தாங்கி 60 பாகைக்கு மேல் இளகத் தொடங்கும், 350 கிலோ பாரம் வானுக்குள் சரியும். ஆனபடியால், சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டி, கையால் அழுத்தினால்தான் திரும்ப விடுற தனிச் சுவிச் இருக்கிற ஹீற்றரை மட்டும் வாங்குங்கோ. கம்பி மூழ்கினபிறகுதான் சுவிச் போடவேணும், வெறும் தாங்கியில் போட்டால் சில நிமிசத்தில் எரியும். மூடியில் காற்றோட்ட ஓட்டை அடைபடாமல் இருக்கவேணும்.

வானுக்குக் கரண்ட் கொண்டுபோற வயரைக் கதவு இடுக்கால் நெரிக்காதேங்கோ. கரவனுக்குப் பூட்டுற நீல 16 அம்பியர் இணைப்பை வானின் பக்கத்தில் பூட்டி, 1.5 சதுர மில்லிமீற்றர் றப்பர் வயர் பாவியுங்கோ. றீலில் சுத்தின வயர் என்றால் முழுக்க அவிழ்க்கவேணும். சுருட்டினபடி அது 1 கிலோவற் அளவுதான் தாங்கும், மிச்சம் எல்லாம் சூடாகி உருகும். கரண்ட் கசிஞ்சால் உடனே வெட்டுற 30 மில்லியம்பியர் ஆர்சிடி கட்டாயம். கரண்ட் கொழுவியிருக்கேக்கை ஒருநாளும் கம்பத்தில் தண்ணி ஓடவிடக்கூடாது. காலமை முதல் வேலை, பிளக்கைக் கழற்றிறது.

தாங்கியைச் சுற்றி 25 மில்லிமீற்றர் பிஐஆர் பலகை (சூடு போகாமல் காக்கிற நுரைப் பலகை) ஒட்டினால், 40 பாகைத் தண்ணி பன்னிரண்டு மணித்தியாலத்தில் இரண்டு மூன்று பாகைதான் இறங்கும். பலகை இல்லாமல் வெளியில் 2 பாகை என்றால் பதினைந்து பாகை போயிடும். பெரிய ஹீற்றருக்குக் குடுக்கிற காசை விட இந்தப் பலகைக்குக் குடுக்கிற காசு பெறுமதி.

வானின் பற்றரியில் இன்வேர்ட்டர் போட்டுச் சூடாக்கிற யோசனை வந்தால், இந்தக் கணக்கைப் பாருங்கோ. 110 அம்பியர்-மணி பற்றரியில் பாவிக்கக்கூடியது பாதி, 660 வற்-மணி. அது உங்கட தாங்கியை ஒன்றரைப் பாகை ஏத்தும், அதோட பம்புக்கும் கரண்ட் இல்லை. லித்தியம் வைத்திருந்தால் பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணக்கூடாது என்றதையும் ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்கோ.

வாசலில் நிறுத்த வசதி இல்லாத ஆட்களுக்குத்தான் டீசல். வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் மாதிரி 5 கிலோவற் தண்ணி ஹீற்றர், முழு வேகத்தில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 0.6 லீற்றர் டீசல். அது உறையாமல் இருக்கக் கிளைக்கோல் கலந்த தண்ணியைச் சுத்தவிட்டு, துருப்பிடியாத உருக்குத் தட்டுச் சூடுமாற்றியால், இரண்டு தண்ணியும் கலக்காமல் உங்கட சுத்தத் தண்ணிக்குச் சூட்டைக் குடுக்கும். நிமிசத்துக்கு 1.5 லீற்றர் ஓட்டத்தை 30 பாகை ஏத்த 3 கிலோவற் சொச்சம் போதும், ஆகவே 5 தாராளம். சிக்கல் வாறது பாதிச் சுமையில் பத்தி அணைஞ்சு ஓடுறதால்: உள்ளே கரி படியும், பிறகு வெள்ளைப் புகையோட பத்தாமல் நிற்கும். ஒருக்கால் பத்தினால் இருபது நிமிசமாவது முழுக்க ஓடவிடுங்கோ. கோடையிலும் மாதம் ஒருமுறை பத்தவையுங்கோ. மலிவாக விற்கிற சீன டீசல் ஹீற்றர்களில் பெரும்பாலானவை காற்றைச் சூடாக்கிறவை. வானை உறையாமல் வைக்க உதவும், தண்ணிக்கு இல்லை. எது பூட்டினாலும் ஒரு கார்பன் மொனொக்சைட் அலாரம் வையுங்கோ, வாகனங்களுக்கான இலக்கம் பிஎஸ் ஈஎன் 50291-2.

எவ்வளவு சூடு? தாங்கியில் 40, மிஞ்சினால் 45. 100 மீற்றர், 6 மில்லிமீற்றர் உள்விட்டம் இருக்கிற ஹோஸுக்குள் 2.8 லீற்றர் நிற்கும், 8 மில்லிமீற்றர் என்றால் 5. ஆகவே முதல் இரண்டு மூன்று நிமிசம் பச்சைத் தண்ணிதான் வரும், ஹீற்றர் வேலை செய்யேல்லை என்று வானுக்கு ஓடவேண்டாம். ஈரப் புல்லில் கிடக்கிற ஹோஸ் வழியிலேயே ஒரு பங்கு சூட்டைத் தின்னும், தூரிகையில் 30க்குக் கிட்டத்தான் வரும், அது போதும். 55, 60 வைக்கிற ஆட்களுக்கு பிவிசி ஹோஸ் இளகிப் பருத்து, கிளிப் போடாத இணைப்பு கழன்று போகும். உறைபனி பிடிச்ச கண்ணாடியில் அவ்வளவு சூட்டை அடிச்சால் வெடிக்கலாம். கம்பி வலை பதிச்ச கண்ணாடியும், ஏற்கனவே ஓரத்தில் கீறல் இருக்கிறதும் முதலில் போகும். முதலில் யன்னல் சட்டத்தை நனைச்சு, மெல்ல நடுவுக்கு வாங்கோ.

20க்கும் 45க்கும் இடையில் நாள்கணக்காகத் தேங்குற தண்ணியில் நுரையீரலைத் தாக்கிற லெஜியொனெல்லா கிருமி வளரும். நீங்கள் அதைத் தூவலாக அடிச்சு மூச்சில் எடுக்கிற ஆள். சூடாக்கினதை அன்றே முடியுங்கோ. வெள்ளி பின்னேரம் மிச்சம் இருந்தால் வடிச்சுவிடுங்கோ, திங்கள் வரைக்கும் இளஞ்சூட்டில் வைக்காதேங்கோ. ஆண்டுக்கு இரண்டு தரமாவது தாங்கியையும் ஹோஸையும் கிருமிநீக்கி விட்டுக் கழுவுங்கோ.

இன்சூரன்ஸுக்குத் தாங்கியையும் ஹீற்றரையும் மாற்றமாக எழுத்தில் அறிவியுங்கோ, சொல்லாமல் விட்டால் தீப்பிடிச்ச அன்றுதான் அதின் விலை தெரியும். எவ்வளவு பாரம் ஏத்தலாம் என்று எழுதியிருக்கிற வானின் பாரத் தட்டைப் பார்த்து, தண்ணி 350, தாங்கியைப் பிடிக்கிற சட்டம், பற்றரி, றீல், நீங்கள் எல்லாம் கூட்டுங்கோ. சின்ன வான் கெதியாக எல்லையைத் தொடும்.

பூச்சியத்துக்குக் கீழே போன காலமையில் சுடுதண்ணி இருந்தாலும் வேலையைப் பத்து மணிக்குப் பிறகு தொடங்குங்கோ. கண்ணாடியால் வழியிற தண்ணி வாசற்படியில் விழுந்து உறையும், வழுக்கி விழுகிறது வீட்டுக்காரர், வழக்கு உங்கட பேரில். வானில் எப்பவும் ஒரு வாளி உப்பு இருக்கட்டும். படியும் நடைபாதையும் நனைஞ்சால் அங்கிருந்து போக முதல் தூவிவிடுங்கோ. கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டும் போங்கோ.