செனான் விளக்கு போட்ட காரும் கீழே விழுந்த இளைஞரும்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: எனக்கு வயது 57. பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம். பெரும்பாலும் இரவில்தான் பயணம். 2016-இல் வாங்கிய என் காரில் ஹெட்லைட் வெளிச்சம் மங்கிப்போனதால், ஒரு கார் அக்சசரீஸ் கடையில் 6,800 ரூபாய்க்கு செனான் செட் மாட்டினேன். 'ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு, பிரச்சினை வராது' என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பிலும் எழுதியிருந்தார். ஒரு மாதத்தில் வாகனச் சோதனையில் நிறுத்தி, பிரிவு 182ஏ(4) என்று 5,000 ரூபாய்க்கு இ-சலான் போட்டார்கள். இன்னும் கட்டவில்லை. மூன்று வாரம் முன்பு உடுமலை ரோட்டில் எதிரே பைக்கில் வந்த இளைஞர் கண் கூசித் தடுமாறி விழுந்தார். அவர் மேல் ஏறாமல் இருக்கக் காரைத் திருப்பினேன், புளியமரத்தில் மோதியது. அவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. அரசு மருத்துவமனையில் சேர்த்து, 8,000 ரூபாய் கொடுத்துப் பேசி முடித்துக்கொண்டோம். போலீசுக்குப் போகவில்லை. கார் ரிப்பேருக்கு 62,000 ரூபாய் ஆகும். இன்சூரன்ஸ் சர்வேயரோ விளக்கைப் பார்த்துவிட்டு 'கிளைம் கிடைப்பது கஷ்டம்' என்கிறார். 'ஆர்.சி. புத்தகத்தில் பல்ப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, சலானை எதிர்த்துக் கேஸ் போடு' என்கிறான் நண்பன். விலை உயர்ந்த கார்களில் கம்பெனியே செனான் வைத்துத் தருகிறது. என் காரில் மட்டும் எப்படிக் குற்றமாகும்?

பதில்: விழுந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் போகாமல் மருத்துவமனையில் சேர்த்தீர்கள். அதுதான் சட்டம் உங்களிடம் எதிர்பார்க்கும் முதல் கடமை. அதைச் செய்ததால்தான் மற்றதைச் சரிசெய்ய இன்னும் வழி இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது சலானும் இல்லை, 62,000 ரூபாயும் இல்லை. 'போலீசுக்குப் போகவில்லை' என்ற அந்த ஒரு வரிதான். அதற்கு வருமுன் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றது தானே புரியும்.

கம்பெனி கொடுக்கும் செனான் விளக்கு வெறும் பல்ப் அல்ல. பல்ப், அதற்கேற்ற லென்ஸ், ஒளியை வெட்டி நிறுத்தும் தடுப்பு என்று முழு ஹெட்லைட்டாக வடிவமைத்து, சோதித்து, அங்கீகாரம் வாங்கி வைப்பது. இவ்வளவு வெளிச்சம் உள்ள விளக்கு என்றால், பின்சீட்டில் பாரம் ஏறிக் காரின் மூக்கு தூக்கினாலும் ஒளி தானாகக் கீழே இறங்கும் ஏற்பாடும் வேண்டும். உங்கள் காரில் இருப்பது எச்4 வகை ஹாலோஜன் பல்புக்காக வளைத்த, ஒளியை முன்னால் திருப்பி அனுப்பும் கிண்ணம். அந்தப் பல்பில் டிம்முக்கான இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கவசம் இருக்கும். மேல்நோக்கிப் போகும் வெளிச்சத்தை மறைப்பது அதுதான். கிண்ணத்தின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுச் செய்தது. அங்கே ஒளி பிறக்கும் இடமும் உருவமும் வேறான செனான் குழாயைச் செருகினால் வெளிச்சம் சிதறும். அதுவும் சாதாரண வெளிச்சம் அல்ல. ஹாலோஜன் டிம் சுமார் 1,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும். 35 வாட் செனான் 3,000 லூமனைத் தாண்டும். நீங்கள் டிம்மில் வந்ததாகவே நினைத்திருப்பீர்கள். எதிரே வந்தவர் கண்ணுக்கு அது பிரைட்டைவிட மோசமாக இருந்திருக்கும். ராத்திரி ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது நானும் இதை அனுபவிக்கிறேன். இரண்டு மூன்று விநாடி ரோடே தெரியாது. அந்த இரண்டு விநாடியில் குழி வந்தால் அவ்வளவுதான்.

சட்டம் இதை மீட்டர் கணக்கிலேயே சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 106-ஐப் பாருங்கள். விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால், அந்தக் கண் கூசக்கூடாது. அந்த அளவுக்கு ஒளி எப்போதும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். பைக்கில் வருபவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும்.

இப்போது நண்பர் சொன்ன வாதம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரள ஆர்.டி.ஓ. ஒருவர் தொடர்ந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கறாராகவே உறுதிசெய்தது. 'ஆர்.சி.யில் பல்ப் இல்லையே' என்று இந்தப் பிரிவை வைத்து வாதாட இடம் உண்டுதான். ஆனால் உங்கள் மேல் போட்டிருப்பது 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4). சட்டமோ விதிகளோ அனுமதிக்காத விதத்தில், உதிரி பாகம் பொருத்துவது உட்பட, வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதில் ஆர்.சி. என்ற பேச்சே கிடையாது. விதி 106 ஒன்று போதும். எதிர்த்துப் போனால் இரண்டு விளக்கு, இரண்டு மாற்றம் என்று எண்ணவும் வாய்ப்பு உண்டு. சலானைக் கட்டிவிடுங்கள். சமரசத் தொகையாகக் கட்டினால் அந்தக் குற்றத்துக்கு மேல் நடவடிக்கை வராது. ஆனால் மறுபடி பிடிபட்டால் இது முந்தைய குற்றமாகக் கணக்கில் சேரும். பாலக்காட்டுப் பக்கம் சரக்கு விஷயமாகப் போய்வருவீர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. அனுமதியில்லாத விளக்குகள் விஷயத்தில் கேரள உயர் நீதிமன்றம் சில ஆண்டுகளாகவே மிகக் கண்டிப்பாக இருக்கிறது.

சரி, விபத்துக்கு வருகிறேன். வண்டிகள் மோதவில்லை, அதனால் நம் மேல் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியைப் பயன்படுத்தியதால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது என்று காட்ட முடிந்தால் போதும், அது மோட்டார் விபத்துதான். 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது பிரிவு 134. தவறினால் பிரிவு 187-இன்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மூன்று வாரம் தாமதம்தான், ஆனாலும் போங்கள். உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, நடந்ததை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுங்கள். எலும்பு முறிவு என்பதால் பாரதிய நியாய சன்ஹிதா 281, 125(b) பிரிவுகளில் வழக்குப் பதிய வாய்ப்பு உண்டு. கேட்கவே பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். நீங்களாகப் போய்ச் சொன்னதும், விழுந்தவரை நீங்களே மருத்துவமனையில் சேர்த்ததும் கட்டாயம் உங்களுக்குச் சாதகமாகப் பேசும். நாளைக்கு அந்த இளைஞரோ மருத்துவமனைப் பதிவோ இதைச் சொல்லி, நீங்கள் மறைத்ததாக ஆகிவிட்டால் அதை மாற்றவே முடியாது.

8,000 ரூபாய் கொடுத்துப் பேசி முடித்ததை முடிவாக எண்ண வேண்டாம். வாய்ப்பேச்சு அவருடைய இழப்பீட்டு உரிமையைத் தடுக்காது. மணிக்கட்டு சரியாகக் கூடாமல் போனால் வேலையே போகலாம். அவர் வாலிபர், இன்னும் எத்தனையோ வருஷம் கையால் உழைக்க வேண்டியவர். அவர் உங்கள் மேல் வழக்குப் போட்டால் அதில் உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ்தான். அதற்குத்தானே வருஷாவருஷம் பிரீமியம் கட்டுகிறீர்கள்! மூன்றாம் நபருக்குக் கொடுக்க மறுக்க நிறுவனத்துக்கு என்னென்ன காரணங்கள் உண்டு என்று பிரிவு 150 பட்டியலிடுகிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, வாடகைக்கு விட்டது போன்றவை அவை. ஹெட்லைட் மாற்றியது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவருக்கு வழங்கும் தொகையை நிறுவனம்தான் கட்ட வேண்டிவரும் என்பது என் கருத்து. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று பிரிவு 166(3) சொல்வதால், அவரிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். 'என் மேல் கேஸ் போடு என்று நானே சொல்வதா?' என்று தோன்றும். சொல்லுங்கள். அவருக்குச் சேர வேண்டியது சேரும், உங்கள் கையிலிருந்தும் போகாது.

உங்கள் காரின் 62,000 ரூபாய் கதை வேறு. அது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். கம்பெனி பொருத்தாத மின்கருவியைச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். நீங்கள் சொல்லவில்லை. பொதுவாக இப்படிப்பட்ட வழக்குகளில், 'விதிமீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பே இல்லை' என்று நான் வாதாடுவேன். உங்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கண் கூசியதால்தானே எல்லாம் நடந்தது. ஆனாலும் முழுதாக மறுப்பதை ஏற்க வேண்டாம். சொந்தக் காரை வாடகைக்கு விட்ட ஒரு வழக்கில், பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தும் கிளைமை முழுதாக மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது; இத்தகைய மீறல்களில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற வழிகாட்டுதலையும் அதில் சுட்டிக்காட்டியது. அமலேந்து சாஹூ வழக்கு என்பார்கள். அதைக் குறிப்பிட்டு, 'நான்-ஸ்டாண்டர்டு அடிப்படையில்', அதாவது முழுத் தொகை இல்லாவிட்டாலும் ஒரு பகுதியைக் கொடுத்து, தீர்த்துத் தருமாறு கேளுங்கள். 75 சதவீதக் கணக்குப்படி அதிகபட்சம் 46,500 ரூபாய். நிச்சயம் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. சர்வேயர் வாயால் சொன்னது மறுப்பு ஆகாது, எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.

அப்புறம் அந்தக் கடை. 'ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு' என்று எழுதிய அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். இல்லாத அங்கீகாரம் இருப்பதாகச் சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பெட்டியையும் தேடி எடுங்கள். இத்தகைய செட்டுகள் பலவற்றில், பொதுச் சாலையில் பயன்படுத்துவதற்கு அல்ல என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். உங்கள் பெட்டியிலும் இருந்தால், கடைக்காரர் சொன்னதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்று காட்ட அதுவே போதும். முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். பதில் இல்லையென்றால் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய தேதியிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. 6,800 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாம், இன்சூரன்ஸில் பிடிக்கும் தொகையையும் நஷ்டமாகக் கேட்கலாம். ஆனால் முழுப் பழியையும் கடை மேல் போட்டுவிட முடியாது. வண்டி உங்களுடையது. அதுவும் சலான் வந்த பிறகும் விளக்கைக் கழற்றாமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும்.

விளக்கை உடனே கழற்றத்தான் வேண்டும், ஆனால் வரிசை முக்கியம். காவல் நிலையத்தில் சொல்வதற்கு முன் கழற்றினால் தடயத்தை மறைத்ததாகப் பேச்சு வரும். அதுவரை காரை எடுக்காதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்க வேண்டுமா என்று கேட்டு, அவர் பார்த்த பிறகு, அல்லது தேவையில்லை என்று சொன்ன பிறகு, தேதியோடு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். பலாஸ்ட் (செனான் குழாய்க்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), வயர் எதையும் தூக்கி எறியாமல் பத்திரமாக வையுங்கள். பழையபடி 60/55 வாட் ஹாலோஜன் மாட்டியதற்கு மெக்கானிக்கிடம் பில் வாங்குங்கள். 100/90 வாட் பல்ப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். அதுவும் வேண்டாம், அதுவும் இதே தப்புதான்.

வெளிச்சம் போதவில்லை என்ற உங்கள் கஷ்டம் உண்மையானது. 2016 வண்டி என்றால் ஹெட்லைட் மூடி மஞ்சள் பூத்திருக்கும். அதைப் பாலிஷ் செய்தாலே பாதி வெளிச்சம் திரும்பி வரும். உள்ளே கிண்ணத்தின் வெள்ளிப்பூச்சு போயிருந்தால் கம்பெனி ஹெட்லைட்டையே மாற்றுங்கள். ஒளிக் கோணத்தைச் சர்வீஸ் சென்டரில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதோடு கண் மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். 57 வயதில் இரவில் பார்வை மங்குவது கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். அப்படி இருந்தால் எந்த விளக்கு மாட்டியும் பயன் இல்லை.

முதலில் காவல் நிலையம், மறுநாளே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குக் கடிதம். இரண்டிலும் அலுவலக முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.