டில்லர், டிராக்டர் ஹப் உடைந்தால்: வெல்டிங்கா, லேத்தா, காயலான் கடையா?

தொழி உழவு முடிந்த கையோடு வரும் கேள்விகளில் பாதி சக்கர ஹப்பை, அதாவது சக்கரத்தை ஷாஃப்டோடு (சுழல்தண்டு) சேர்க்கும் நடுப்பகுதியைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே.

கேள்வி: பழைய மினி டிராக்டர். பின்சக்கர ஹப்பில் ஒரு போல்ட் துளையிலிருந்து விரிசல் ஓடியிருக்கிறது. ‘அரை மணி நேரத்தில் பற்றவைத்துத் தருகிறேன்’ என்கிறார் ஊர் வெல்டர். கொடுக்கலாமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: எந்த வெல்டிங் ராடு என்று கேட்டீர்களா? ஹப் என்ன இரும்பு என்று தெரியாமல் ராடையே தொடக்கூடாது. கிரைண்டரை லேசாக வைத்துப் பாருங்கள். பொறி நீளமாக, வெளிச்சமாகப் பறந்தால் ஸ்டீல். மங்கிய சிவப்பில் குட்டையாக விழுந்தால் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு). ட்ரில் போட்டால் இன்னும் தெளிவு: ஸ்டீல் சுருள் சுருளாக வரும், காஸ்ட் அயர்ன் பொடியாக உதிர்ந்து விரலில் கறுப்பாக ஒட்டும்.

காஸ்ட் அயர்னில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். சாதாரண ராடில் பற்றவைத்தால், உருகிய இடம் சட்டென்று ஆறி, கெட்டிப்பட்டு, நொறுங்குகிற நிலைக்கு வந்துவிடும். ஆறும்போதே ‘டிக்’ என்று கேட்கும். பற்றுக்குப் பக்கத்திலேயே புது விரிசல்.

இதற்கு நிக்கல் ராடுதான். விலை கூடுதல், ஆனால் ஒரு ஹப்புக்குச் சில ராடுகளே ஆகும். விரிசலின் நுனியில் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு விரிசல் நெடுக ‘வி’ வடிவில் தோண்டி, ஊறிப்போன எண்ணெய்ப் பசையை எரித்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் ஓட்டக்கூடாது. ஒரு அங்குலம் பற்றவைத்து, சூடு இருக்கும்போதே உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் அடுத்த அங்குலம். முடிந்ததும் காய்ந்த சாம்பலில் புதைத்து மறுநாள் எடுக்க வேண்டும். அரை மணி நேரக் கணக்கெல்லாம் இங்கே ஆகாது. தண்ணீர் ஊற்றி ஆற்றுகிற ஆள் என்றால் ஹப்பை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

விரிசல் நடுத்துளை வரை, அதுவும் கீ காடிக்குள் (ஹப்பும் ஷாஃப்டும் சேர்ந்து சுற்ற நடுவில் செருகும் கீ என்ற இரும்புத் துண்டு உட்காரும் பள்ளம்) போயிருந்தால் வெல்டிங்கை மட்டும் நம்ப மாட்டேன். ஹப்பின் கழுத்தை லேத்தில் சமமாகக் கடைந்து, ஸ்டீல் வளையம் ஒன்றைச் சூடேற்றி இறக்கலாம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஏற்றும் அதே வித்தைதான். கழுத்து 80 மி.மீ. என்றால் வளையத்தின் உள்விட்டம் 0.08 மி.மீ. குறைவாக இருந்தால் போதும். ஆறியதும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் முன்னால் காயலான் கடையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அதே மாடல் ஹப் கிடைத்தால் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் எடுக்கலாம். சத்தம் செத்துக் கேட்டால் உள்ளே விரிசல், விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஹப் துருப்பிடித்து ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு அடித்தும் வரவில்லை. (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: அடிப்பதை நிறுத்துங்கள். ஷாஃப்ட் நுனியில் விழும் அடி கியர் பாக்ஸ் உள்ளே பேரிங்குக்குப் போகும். லாக் கிளிப்போ பூட்டு போல்ட்டோ கழற்றப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேற்றுக்கும் பெயின்டுக்கும் அடியில் அது கண்ணில் படாது. துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, மூன்று கால் புல்லரை (ஹப்பைப் பிடித்து வெளியே இழுக்கும் கருவி) மாட்டி முறுக்குங்கள். முறுக்கு ஏறியதும் ஹப்பை மட்டும் சூடாக்கினால் பெரும்பாலும் ‘படார்’ என்று விட்டுக்கொடுக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. நெருப்பைப் பக்கத்தில் கொண்டுபோகும் முன் டயரோடு இருக்கும் சக்கரத்தைக் கழற்றித் தள்ளி வையுங்கள். ‘காற்றை இறக்கிவிட்டோமே’ என்பது பாதுகாப்பே இல்லை. சூட்டில் ரப்பர் சிதைந்து உள்ளே எரிவாயு சேர்ந்து டயர் வெடிக்கும். ஆளைக் கொல்லும் வெடிப்பு அது.

கேள்வி: கீ அடிக்கடி வெட்டுப்பட்டுப் போகிறது. கெட்டியான ஸ்டீலில் செய்து போடலாமா?

பதில்: வேண்டாம். கீ மலிவான சாமான், அதனால்தான் முதலில் அது போக வேண்டும். அதைக் கெட்டியாக்கினால் அடுத்து ஹப்போ ஷாஃப்டோ பிளக்கும். சக்கரத்தைத் தூக்கிவைத்து, கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஷாஃப்ட் அசையாமல் ஹப் மட்டும் ‘டக் டக்’ என்றால் காடி அகன்றுவிட்டது. ஹப்பில் எதிர்ப்பக்கம் புதுக் காடி வெட்டச் சொல்லுங்கள். 25 மி.மீ. ஷாஃப்டுக்கு 8 மி.மீ. அகலக் கீ, 32 மி.மீ. ஷாஃப்டுக்கு 10. ஷாஃப்டின் காடியே தேய்ந்திருந்தால் இரண்டு அகலம் கொண்ட படிக்கீ செய்து ஒரு போகம் ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். தகரத்துண்டைச் செருகி ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: கேஜ் வீல் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டியதிலிருந்து சக்கர போல்ட்கள் தளர்ந்துகொண்டே இருக்கின்றன. ஸ்பிரிங் வாஷர் போட்டும் பயனில்லை. (திருவையாறு வாசகர்)

பதில்: டயருக்கு வெளிப்பக்கம் கேஜ் வீலை மாட்டினால் சுமை ஹப்பிலிருந்து தள்ளிப் போகிறது. வரப்பில் கோணலாக ஏறும்போது முழு வண்டியும் அந்த ஓரத்தில் நின்று ஹப்பை வளைக்கிறது. வரப்பைப் பலகை போட்டு நேராகக் கடங்கள். தார் ரோட்டில் கேஜ் வீலோடு போகவே போகாதீர்கள்.

அப்புறம் வாஷரை விட்டுவிட்டு முகப்பைப் பாருங்கள். ஹப்பும் சக்கரத் தட்டும் சேரும் இடத்தில் பெயின்டோ துருவோ மண்ணோ இருந்தால், அது நசுங்க நசுங்க போல்ட் தளரும். பளிச்சென்று சுரண்டி, தலையில் 8.8 என்று (வலிமைத் தரக் குறி) பொறித்த போல்ட் போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள். துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் இறுக்கிப் பயனில்லை. பெரிதாக்கி, உள்ளே புஷ் (உலோகக் குழல்) அடிக்க வேண்டும்.

கேள்வி: முன்சக்கர பேரிங்கை எவ்வளவு இறுக்குவது?

பதில்: டேப்பர் பேரிங் (கூம்பு உருளை பேரிங்) என்றால், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டைப் பிடிக்கும்வரை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். ஆட்டம் இல்லாமல், தடையும் இல்லாமல் சுற்ற வேண்டும். தொழியில் ஓடிய வண்டி என்றால் கிரீஸைத் தொட்டுப் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயில் சீலையும் மாற்றுங்கள். நட் கழலாமல் பூட்டும் காட்டர் பின் புதிதாகப் போடுங்கள்.